ஷட்டருக்குக் கீழே ஒரு மடு: ஆற்றுக் கெண்டைகளில் நங்கூரப் புழு – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரி டெல்டாவின் கிளையாறுகளில் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடுவதில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது மரபு. மூடிய சில வாரங்களில் ஓட்டம் நின்று மணல் தெரியத் தொடங்கும். பங்குனி, சித்திரையில் கால் நனையாமல் அக்கரைக்கு நடந்து போகலாம். ஆனாலும் ஆறு முழுக்க வறண்டுவிடுவதில்லை. தண்ணீரைத் திறந்து மூடும் நீரொழுங்கிகளின் ஷட்டருக்கு அடியில் சீறிப் பாய்ந்த தண்ணீர், கீழ்ப்புறத்து மணலை அரித்துப் பள்ளம் பறித்திருக்கும். கோடையிலும் அதில் தண்ணீர் நிற்கும். ஊர்ப்பேச்சில் அதற்குப் பெயர் மடு. கெண்டை, விரால், குறவை, கெளுத்தி, ஆரல் என்று ஆறு நெடுகிலும் பரந்து திரிந்த மீன்கள் அடுத்த தண்ணீர் வரும்வரை அந்தப் பள்ளத்துக்குள் ஒடுங்கிக் காத்திருக்கின்றன.

இந்த நிகழ்வு திருவாரூர் மாவட்டத்தில், வெண்ணாற்றிலிருந்து பிரியும் ஒரு கிளையாற்றின் சிறிய நீரொழுங்கிக்குக் கீழே நடந்தது. சம்பந்தப்பட்டவர்களின் பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன். மடு நாற்பது தப்படி நீளம், பதினைந்து தப்படி அகலம். ஏப்ரல் மாதத்தில் ஷட்டர் ஓரம் மார்பளவு ஆழம். கிழக்கு முனையில் முழங்கால் அளவு. நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் வெங்காயத்தாமரை மூடியிருந்தது. ஐந்து குடும்பங்கள் வழிவழியாக அங்கே வீச்சு வலை வீசிப் பிழைக்கின்றன. குறுவை தொடங்கும்வரை அவர்களுக்கு வேறு வருமானம் அதிகம் இல்லை.

மடுவிலிருந்து கூப்பிடு தூரத்தில், கரைக்கு அப்பால், சுமார் 2 ஏக்கர் ஊர்க் குளம் ஒன்று இருக்கிறது. ஊராட்சியிடம் குத்தகைக்கு எடுத்த ஒருவர் முந்தைய புரட்டாசியில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டிருந்தார். இம்மூன்றும் கங்கைச் சமவெளியிலிருந்து வளர்ப்புக்காகத் தெற்கே வந்த இனங்கள். குளத்தில் மீன் பிடிக்கக் கூலிக்கு வருபவர்களும் மடுவில் வலை வீசும் அதே ஐந்து குடும்பத்தினர்தான். குளத்தின் உபரி நீர் மழைக்காலத்தில் ஒரு குழாய் வழியாக ஆற்றுக்குள் இறங்கும். இந்த இரண்டு செய்திகளும் பின்னால் தேவைப்படும்.

மீன் வளர்ப்போருக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். அந்தக் குளத்துக்கு அதுவரை நான் போனதில்லை.

முதல் தகவலும் என் முதல் தவறும்

ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் அந்த ஊரிலிருந்து ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். "சார், மடுவில் கெண்டைக்கெல்லாம் புண் வந்திருக்கிறது. சந்தையில் வாங்க மாட்டேன் என்கிறார்கள். பழைய புண் நோய்தான் திரும்பவும் வந்துவிட்டதா?"

அவர் குறிப்பிட்ட பழைய நோயை டெல்டாவில் நடுவயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1988இல் நாட்டின் வடகிழக்கில் தென்பட்ட அந்தக் கொள்ளைப் புண் நோய், அடுத்த சில ஆண்டுகளில் தெற்கே பரவி விராலையும் குறவையையும் அழுகிய உடலோடு கரையில் ஒதுக்கியது. நீர்ப்பூஞ்சை போன்ற ஓர் உயிரி அதற்குக் காரணம். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் என் மனமும் அதன் பின்னால் ஓடிவிட்டது. மீனைப் பார்க்காமலே, "சாப்பிட வேண்டாம், விற்கவும் வேண்டாம், நான் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். வேலைப் பளுவில் நான் போய்ச் சேர ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் ஐந்து வீட்டிலும் வலை காய்ந்தது.

யோசித்திருந்தால் அழைப்பு வந்த அன்றே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அந்தப் புண் நோய் மழைக்குப் பின், தண்ணீர் குளிர்ந்திருக்கும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் தலைகாட்டுவது. விரால் இனத்தைத்தான் முதலில் தாக்கும். பெரியவர் சொன்னதோ சித்திரை வெயிலில், கெண்டையில் வந்த புண். காலமும் பொருந்தவில்லை, மீனும் பொருந்தவில்லை. நான் அதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளவில்லை.

மடுவில் பார்த்தது

போன அன்று காலை ஆறு மணிக்குப் பெரியவரின் மகன் ஏழு முறை வலை வீசினார். விழுந்தவை 62 மீன்கள். அவற்றில் கெண்டை 38, ஜிலேபி 14, கெளுத்தி 7, விரால் 3. பிளாஸ்டிக் தொட்டியில் மடுத் தண்ணீரையே நிரப்பி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம்.

உள்ளங்கை அகலமுள்ள ஒரு கெண்டையின் முதுகுத் துடுப்புக்கு அடியில், வெளிறிய பச்சை நிறத்தில், ஒரு விரற்கடைக்கும் குறைவான நீளத்தில் நூல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. செதிலுக்கு நடுவிலிருந்து முளைத்தது போல் இருந்தது. அதைச் சுற்றி மிளகு அளவுக்குச் சிவந்து தடித்திருந்தது. இடுக்கியால் நூலின் அடியைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். முதலில் வரவில்லை, தோல்தான் கூம்பாக எழும்பியது. பிறகு விட்டுக்கொடுத்து வந்தது. வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டுப் போட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, சதைக்குள் புதைந்திருந்த தலைப்பக்கத்தில் மான் கொம்பு போல் மென்மையான கிளைகள் விரிந்திருந்தன. வெளியே தொங்கிய வால்பக்கத்தில் இரண்டு நீண்ட பைகள், இரட்டைச் சடை போல. அவை முட்டைப் பைகள். ஒன்றை ஊசியால் குத்தியதும் துகள் துகளாக முட்டைகள் பரவின.

இது நங்கூரப் புழு. அறிவியல் பெயர் லெர்னியா. பெயரில் புழு இருந்தாலும் இது புழு அல்ல. இறால், நண்டு வகையறாவைச் சேர்ந்த ஓட்டுடலி. குஞ்சுப் பருவத்தில் கால்களோடு தண்ணீரில் நீந்தித் திரியும். பிறகு மீனின் செவுளில் ஒட்டி வளரும். இணை சேர்ந்த பிறகு பெண் மட்டும் மீனின் தோலைத் துளைத்துத் தலையைப் புதைத்துக்கொள்ளும். அதன்பின் கால்கள் பயனற்றுப் போய், உடல் நீண்டு நூலாகிவிடும். நாம் காணும் நூல் ஒவ்வொன்றும் முட்டையிடும் ஒரு தாய். 25 முதல் 30 டிகிரி வரை சூடான நீரில் முட்டையிலிருந்து அடுத்த தாய் வரையிலான சுற்று ஏறத்தாழ மூன்று வாரத்தில் முடிந்துவிடும். அன்று காலையிலேயே மடுவின் ஆழமற்ற பகுதியில் வெப்பமானி 30ஐத் தொட்டது.

கணக்கு இப்படி வந்தது: 38 கெண்டையில் 27இல் குறைந்தது ஒரு நூலாவது இருந்தது. ஜிலேபியில் 6, கெளுத்தியில் 1, விராலில் 1. புழு விழுந்துபோன இடங்களில் சில புண்களில் பஞ்சு போல் பூஞ்சை படர்ந்திருந்தது. பெரியவர் தொலைபேசியில் சொன்ன புண் அதுதான். துளை முதலில், புண் அதற்குப் பின்.

அன்றைய நாளின் மிக உபயோகமான தகவலை என் லென்ஸ் தரவில்லை. கூடையில் மீன் விற்கும் ஓர் அம்மா தந்தார். மாசி மாதக் கடைசியிலேயே நூலைப் பார்த்துவிட்டதாகவும், சந்தைக்குப் போகும் முன் கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் விற்றதாகவும் கூச்சத்துடன் சொன்னார். பிறகு, "கிழக்கு மூலையில் பிடித்ததில்தான் அதிகம் சார். ஷட்டர் ஓரத்து மீனில் அவ்வளவு இல்லை. துடுப்புக்கு அடியில்தான் இருக்கும், தலையில் இருக்காது. எத்தனையோ கிள்ளியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா" என்றார். மறுநாள் இரண்டு மூலையிலும் தனித்தனியே வலை வீசி எண்ணினோம். அவர் சொன்னது சரி. கிழக்கு மூலை ஆழமற்றது, சூடானது, சிறு கெண்டைகள் நெருக்கியடித்துக் கிடப்பது.

மனிதர்களுக்கு இந்தப் புழுவால் தீங்கில்லை. கழுவிச் சுத்தம் செய்து சமைத்தால் அந்த மீனைச் சாப்பிடலாம். நான் போட்ட தடையை அன்றே, ஐந்து குடும்பத்தையும் கூட்டி வைத்து விலக்கிக்கொண்டேன்.

குளத்தில் பார்த்தது

அதற்குள் ஊரில் ஒரு முடிவு உறுதியாகியிருந்தது: குளத்துப் பூச்சிதான் மடுவுக்கு வந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. மாசியிலேயே குளத்து ரோகுகள் கரையோரக் கல்லிலும் முளைக்குச்சியிலும் உடலைத் தேய்த்துத் தேய்த்துத் துள்ளுவதைப் பலர் பார்த்திருந்தார்கள். குத்தகைக்காரர், யாரோ சொன்னதைக் கேட்டு, வயலுக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியைத் தண்ணீரில் கலந்து குளத்தில் ஊற்றியிருந்தார். இரண்டு நாளில் குளத்துச் சிற்றிறால்கள் வெளுத்து மிதந்தன. துள்ளல் நின்றது. மூன்று வாரத்தில் திரும்பவும் தொடங்கியது.

இழுவலை போட்டு 20 ரோகுகளைப் பார்த்தோம். 17இல் பூச்சி இருந்தது. ஆனால் நூல் எதிலும் இல்லை. இருந்தது வேறு உயிர்: பாதித் துவரம்பருப்பு அளவில், தட்டையாக, கண்ணாடி போல் ஊடே தெரியும் உடல், முன்னால் இரண்டு கரும்புள்ளிக் கண்கள், அடிப்பக்கம் வட்டமான இரண்டு உறிஞ்சிகள். விரலால் தொட்டதும் மீனின் மேலேயே சறுக்கி ஓடியது. மீன் பேன், அறிவியல் பெயர் ஆர்குலஸ்.

இதுவும் ஓட்டுடலிதான். ஆனால் வாழும் முறை வேறு. நங்கூரப் புழுவின் தாய் ஓரிடத்தில் தலையைப் புதைத்துவிட்டால் சாகும்வரை அங்கேயேதான். மீன் பேன் மீனை விட்டு இறங்கும், நீந்தும், வேறு மீனில் ஏறும். முட்டையிட வேண்டுமென்றால் கட்டாயம் மீனை விட்டு இறங்கியாக வேண்டும்: கல், குச்சி, கட்டை என்று கெட்டியான ஏதாவது ஒன்றில் வரிசையாக ஒட்டும். குளத்தின் நடுவே நட்டிருந்த ஒரு மூங்கில் முளையைப் பிடுங்கிப் பார்த்தபோது, கசகசாவிலும் சிறிய முட்டைகள் கோடு கோடாக ஒட்டியிருந்தன. பூச்சிக்கொல்லி பேனைக் கொன்றதே தவிர முட்டையைத் தொடவில்லை. மூன்று வாரத்தில் திரும்பவும் துள்ளல் தொடங்கியதன் காரணம் அந்த மூங்கிலில் இருந்தது.

ஆக, ஊரார் "பூச்சி" என்ற ஒரே சொல்லால் சுட்டியது இரண்டு உயிர்களை. குளத்தில் பேன், மடுவில் புழு. மடு மீனில் பேனும் குளத்து மீனில் புழுவும் அன்று எங்கள் கண்ணில் படவில்லை. குளம்தான் மடுவைக் கெடுத்தது என்ற பேச்சு, குத்தகைக்காரருக்கும் ஐந்து குடும்பங்களுக்கும் இடையே கைகலப்பு வரை போயிருந்தது. கெண்டையையும் ரோகுவையும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் வைத்து, லென்ஸை இரு தரப்பிடமும் கொடுத்து அவர்களையே பார்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் பேச்சு நடந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மடுவில் எந்த மருந்தும் ஊற்றுவதில்லை என்பது முதல் முடிவு. இதற்கு எளிதில் சம்மதம் கிடைக்கவில்லை. "நோய் என்கிறீர்கள், மருந்து வேண்டாம் என்கிறீர்கள்" என்று பெரியவரின் மகன் கோபப்பட்டார். அவர் கோபம் நியாயமானது. ஆனால் ஓட்டுடலியைக் கொல்லும் மருந்து எந்த ஓட்டுடலியையும் விட்டுவைக்காது. மடுவில் இறால் இருக்கிறது, நண்டு இருக்கிறது, மீன் குஞ்சுகளுக்கு முதல் இரையான கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகள் இருக்கின்றன. மாடு குடிக்கிறது, பிள்ளைகள் குளிக்கிறார்கள். ஜூனில் வரும் முதல் தண்ணீர் மடுவில் இருப்பதையெல்லாம் அடித்துக்கொண்டு கீழே உள்ள ஊர்களுக்குப் போகும். குளத்துக்குக் கரை இருக்கிறது, ஆற்றுக்கு இல்லை. மருந்தை எதிர்த்து நான் சொன்னவற்றில் அவரை அசைத்தது குளத்தில் வெளுத்து மிதந்த சிற்றிறால்தான். அதை அவரே பார்த்திருந்தார்.

இரண்டாவது, கூட்டத்தைக் குறைப்பது. நங்கூரப் புழுவின் குஞ்சு நீந்திப் போய் ஒரு மீனைப் பிடித்தால்தான் பிழைக்கும். மீன்கள் நெருக்கமாக இருந்தால் அதற்கு வேலை சுலபம். எனவே மீனை எடுக்க வேண்டும். ஆனால் எந்த மீனை? இங்கேதான் அதிக நேரம் விவாதித்தோம். கெண்டைகள் புதுத் தண்ணீரில் எதிர்த்து ஏறி முட்டையிடுபவை. மடுவில் கோடையைத் தாண்டும் கெண்டைதான் அடுத்த பருவத்துக்கு விதை. நோயைக் காரணம் காட்டி மடுவையே துடைத்து எடுத்துவிட்டால், ஆடியில் ஆற்றில் குஞ்சு இருக்காது. கடைசியில், 1952இல் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்டு எங்கும் பெருகிவிட்ட ஜிலேபியை அளவு பாராமல் எடுப்பது, மூன்று நூலுக்கு மேல் உள்ள கெண்டையை எடுப்பது, சுத்தமாக இருக்கும் பெரிய கெண்டையைக் கையை ஈரமாக்கிக்கொண்டு பிடித்து ஷட்டர் ஓரத்து ஆழத்தில் விடுவது என்று முடிவாயிற்று.

மூன்றாவது, வலை. குளத்து வலை குளத்துக்கு, மடு வலை மடுவுக்கு. இரண்டும் வாங்க வசதியில்லாத வீட்டில், ஒரு பகல் முழுதும் மணலில் விரித்துக் காயப்போட்ட பிறகே இடம் மாற்றுவது. பறியையும் தொட்டியையும் அப்படியே. பேனும் புழுவும் இதுவரை இடம் மாறவில்லை என்பது இனிமேல் மாறாது என்பதற்கு உத்தரவாதம் அல்ல.

குளத்துக்குத் தனி வைத்தியம். முட்டையிட மீன் பேனுக்குக் கெட்டியான பரப்பு வேண்டும். அதை நாமே கொடுத்து, நாமே எடுத்துவிடலாம். பழைய மூங்கில் தட்டிகளை ஆறு இடங்களில் கல் கட்டி நிறுத்தினோம். மற்ற முளைகளையும் கட்டைகளையும் பிடுங்கிக் கரையேற்றினோம். வாரத்துக்கு ஒருமுறை தட்டிகளைத் தூக்கி இரண்டு நாள் வெயிலில் போட்டுவிட்டு, மாற்றுத் தட்டிகளை இறக்கினோம். சூடான நீரில் முட்டை பொரிக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும் என்பதால்தான் வாரக் கெடு. பூச்சிக்கொல்லியை நிறுத்தக் குத்தகைக்காரர் ஒப்புக்கொண்டார். குளத்து நீரை ஆற்றுக்கு இறக்கும் குழாயின் வாயை மண்மூட்டை வைத்து அடைத்தார்.

மே மாதம்: ஒரு விடியற்காலைச் சாவு

முதல் இரண்டு வாரம் திட்டப்படி நடந்தது. பிறகு நான் ஒரு பிழை செய்தேன். அதை விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த நிகழ்வில் அதிக மீன் செத்தது புழுவால் அல்ல.

மடுவை மூடியிருந்த வெங்காயத்தாமரையை அகற்றினால் மீன் பிடிப்பது எளிதாகும், தண்ணீருக்குக் காற்றுப்படும் என்று நினைத்தேன். மே இரண்டாம் வாரத்தில் ஒரே பகலில் இருபத்தைந்து பேர் இறங்கி மூன்றில் இரண்டு பங்கை இழுத்துக் கரையில் போட்டோம். மடுவின் அடியில் பல ஆண்டு அழுகல் கறுப்புச் சேறாகப் படிந்திருந்தது. அத்தனை கால்களும் மிதித்ததில் அது கலங்கி எழும்பியது. மாலையில் தண்ணீர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. சாக்கடை நாற்றம் வீசியது. அப்போதாவது நான் எச்சரிக்கை அடைந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் களைப்பு. வீட்டுக்குப் போய்விட்டோம்.

அதிகாலை நான்கரைக்கு அந்த மீன்கார அம்மா அழைத்தார். நான் போய்ச் சேர்ந்தபோது மடு முழுதும் வாய்கள். கெண்டைகள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. சில பக்கவாட்டில் சாய்ந்துவிட்டிருந்தன. கிளம்பிய சேறு தண்ணீரிலிருந்த பிராணவாயுவை இரவோடு இரவாகக் குடித்துவிட்டிருந்தது. பக்கத்து வயல்காரர் ஒருவர் டீசல் என்ஜினை உருட்டிக்கொண்டு வந்தார். மடுத் தண்ணீரையே இறைத்து, நீரொழுங்கியின் கருங்கல் தளத்தில் விழச் செய்து, தெறித்து மடுவுக்கே திரும்ப விட்டோம். ஏழு மணிக்கு மேல் மீன்கள் மெல்லக் கீழே இறங்கின. அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட கெண்டைகள் செத்திருந்தன, பாதிக்கு மேல் சினைக் கெண்டைகள். வெளிக் காற்றை விழுங்கி மூச்சுவிடக்கூடிய விராலும் குறவையும் தப்பின. காப்பாற்றுவதற்காக ஷட்டர் ஓரத்தில் நாங்களே ஈரக் கையால் இறக்கி விட்ட கெண்டைகளும் செத்தவற்றில் இருந்திருக்கும்.

சேதம் அதோடு நிற்கவில்லை. நிழல் போனதில் மடு மேலும் சூடாயிற்று. சூடு கூடினால் புழுவின் சுற்று வேகமாகும். மீதி இருந்த வெங்காயத்தாமரையைத் தொடவில்லை. கிழக்கு மூலையில் தென்னங்கீற்றால் தாழ்வான பந்தல் போட்டு ஓரளவு நிழல் தந்தோம்.

அன்றைய சாவால் மடுவில் கூட்டம் குறைந்தது என்று யாரோ ஆறுதலாகச் சொன்னார்கள். கணக்குக்கு அது உண்மை. அதை நான் வைத்தியத்தின் பலனாக எழுதிக்கொள்ளவில்லை.

தண்ணீர் வந்த பிறகு

குளத்தில் பலன் தெளிவாகத் தெரிந்தது. முதல் முறை தூக்கிய தட்டிகளில் முட்டைக் கோடுகள் அடர்ந்திருந்தன. நான்காம் முறை தேடிப் பார்த்தால்தான் கிடைத்தது. ஜூன் தொடக்கத்தில் ரோகுகள் தேய்த்துத் துள்ளுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. மருந்துக்கென்று ஒரு ரூபாய் செலவில்லை, மூங்கிலும் உழைப்பும்தான்.

மடுவில் அப்படிச் சொல்ல முடியாது. மே கடைசியில் எண்ணியபோது, பிடித்த கெண்டைகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றில் நூல் இருந்தது. முதல் நாளைவிடக் குறைவு, ஆனால் ஓயவில்லை. பிறகு மேட்டூர் திறந்தது. அங்கிருந்து தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று, நான்கு நாள். கிளையாறுகளுக்கு முறை வர அதற்கும் மேல். ஜூன் கடைசி வாரத்தில் ஒரு சாயங்காலம், ஷட்டரை இயக்கும் பாசன ஊழியரான லஸ்கர் வந்து அதைத் தூக்கினார். நுரையும் சருகுமாகச் சிவந்த தண்ணீர் மடுவுக்குள் விழுந்தது. அரை மணி நேரத்தில் மடு என்று தனியாக ஒன்று இல்லை. கரையில் நின்றிருந்த பெரியவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கெண்டைகள் விழுகின்ற தண்ணீரை எதிர்த்துத் துள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஜூலை நடுவில் அதே இடத்தைச் சுற்றி மூன்று காலை வலை வீசினோம். 40 கெண்டையில் நூல் இருந்தது 3இல். ஐப்பசியில் மழைத் தண்ணீரில் பார்த்தபோது ஒன்றும் கிடைக்கவில்லை. இதில் எங்கள் கைங்கரியம் எவ்வளவு, ஆற்றின் கைங்கரியம் எவ்வளவு என்று கேட்டால், பெரும்பங்கு ஆற்றுக்கே. மீன்கள் பரந்துவிட்டன, நீர் குளிர்ந்தது, ஓட்டத்தில் நீந்தும் புழுக்குஞ்சு மீனைத் தேடிப் பிடிக்க முடியவில்லை. நாங்கள் செய்தது, அதுவரை மடுவில் விதைக் கெண்டை கொஞ்சமாவது மிஞ்சச் செய்ததும், கெட்ட யோசனை ஒன்றைத் தடுத்ததும்தான்.

அடுத்த கோடை

புழு ஆற்றை விட்டுப் போய்விடவில்லை. சிறிய அளவில் எப்போதும் இருப்பது, மடுவின் நெருக்கத்திலும் சூட்டிலும் பெருகுகிறது என்பதே என் முடிவு. அதனால் அடுத்த ஆண்டு நூல் கண்ணில் படும்வரை காத்திருக்காமல், மார்ச் முதல் வாரத்திலேயே ஜிலேபியை எடுக்கத் தொடங்கினார்கள். வெங்காயத்தாமரையை வாரத்துக்கு ஒரு பக்கமாக, கரையிலிருந்தே கொக்கி போட்டு இழுத்துக் குறைத்தார்கள். மடுவுக்குள் யாரும் இறங்கவில்லை. கிழக்கு மூலையில் முழுதாக விட்டுவைத்தார்கள். ஏப்ரலில் எண்ணியபோது 35 கெண்டையில் 8இல் நூல் இருந்தது. சந்தையில் யாரும் மீனைத் திருப்பித் தரவில்லை.

குத்தகைக்காரர் அறுவடைக்குப் பின் குளத்தை வற்றவைத்து, தரை வெடிக்கும்வரை காயப்போட்டு, சுண்ணாம்பு தூவினார். புதிதாக வாங்கிய குஞ்சுகளை, லிட்டருக்கு 30 கிராம் உப்புக் கரைத்த நீரில் ஓரிரு நிமிடம் கண் எதிரில் முக்கி எடுத்து, தனி ஹாப்பா வலையில் (தண்ணீருக்குள் பெட்டி போல் கட்டும் வலை) மூன்று வாரம் வைத்திருந்து பார்த்த பிறகே குளத்தில் விட்டார். உப்பு நீர் பேனை உதிர்க்கும். சதைக்குள் புதைந்த நங்கூரப் புழுவை ஒன்றும் செய்யாது. மூன்று வாரக் காவல் அதற்காகத்தான்: குஞ்சின் செவுளில் ஒளிந்திருந்தால் அதற்குள் நூலாக வெளியே தெரிந்துவிடும்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

தொலைபேசியில் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. தடை போடவே கூடாது. இப்போதெல்லாம் அழைப்பு வந்தால் முதலில் நான்கு கேள்விகள் கேட்கிறேன்: எந்த மீன், உடலில் எந்த இடம், எப்போதிலிருந்து, மீன் தேய்க்கிறதா. இந்த நான்கையும் அன்று கேட்டிருந்தால் ஐந்து குடும்பங்கள் ஆறு நாள் பட்டினியோடு இருந்திருக்க மாட்டார்கள். அந்த நட்டத்தை நான் ஈடுகட்டவில்லை.

முதல் நாள் எடுத்த புழுக்களை வெறும் தண்ணீரிலேயே புட்டியில் போட்டு வைத்தேன். இரண்டு நாளில் அழுகிவிட்டன. உடனே ஸ்பிரிட்டில் போட்டு, தேதியும் மீனின் பெயரும் எழுதி, கல்லூரியில் காட்டியிருக்க வேண்டும். இரண்டாம் முறை எடுத்தவற்றைத்தான் அப்படிச் செய்தேன்.

வெங்காயத்தாமரையைப் பற்றி மேலே எழுதியது போதும். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: நின்ற நீரில் எதைக் கலக்கினாலும் அன்றிரவு ஒருவர் கரையில் தங்க வேண்டும், ஒரு என்ஜின் தயாராக இருக்க வேண்டும்.

மீன் விற்கும் பெண்களை முதலில் கேட்க வேண்டும். வலை வீசுபவர் மீனை ஒரு கணம் பார்க்கிறார். விற்பவர் ஒவ்வொன்றையும் கையில் திருப்பிப் பார்க்கிறார். நூல் தெரிந்தது மாசியில். எனக்குச் செய்தி வந்தது சித்திரையில். அந்த அம்மாவிடம் யாராவது கேட்டிருந்தால் ஐந்து, ஆறு வாரம் முன்பே, மடுவில் இன்னும் தண்ணீர் நிறைய இருந்தபோதே தொடங்கியிருக்கலாம். இப்போது வாரம் ஒருநாள் தம் கூடையில் வந்த கெண்டை எத்தனை, நூல் உள்ளது எத்தனை என்று அவர் சொல்ல, பேரன் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைக்கிறான்.